வாளி நான் சேர்த்தது

1985 ஜனவரி 9, புதன்

அன்புள்ள பட்டாணிக்கு,

மாமா எழுதுவது. நான் நலம், உன் அத்தை நலம், ஆஸ்பத்திரி வேனும் நலம். நீ நலமா என்று கேட்கலாமா என்றுதான் தெரியவில்லை. போன கடிதத்துக்கும் அதற்கு முந்தியதற்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. கல்யாணமாகிப் பத்தே மாதத்தில் தாய்மாமனை மறந்தவர்கள் உலகத்தில் இருக்கலாம். இவ்வளவு சுத்தமாகத் துடைத்துவிட்டு மறந்தவள் நீ ஒருத்திதான்.

போன வாரம் இங்கே நடந்ததைக் கேள். பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு வருகிறேன். பாலத்தில் நானூறு வண்டி நிற்கிறது. ஒன்றுகூட அசையவில்லை. கூட வந்த நர்ஸ் புதுப் பெண், உதடு வெளுத்துவிட்டது. நான் வண்டியை ஓரங்கட்டினேன். சட்டைக் கையை மடித்தேன். "பயப்படாதேம்மா, நான் இருக்கேன்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். இரட்டைப் பிள்ளை. இரண்டும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பிறந்தன. பெரிய டாக்டரம்மா வாசலுக்கே வந்து, உங்களுக்கு வெள்ளைக் கோட்டு கொடுக்காதது எங்கள் தப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஆயா முதல் வாட்ச்மேன் வரை என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். "டாக்டர், பின் சக்கரத்துல காத்து இல்ல" என்று நேற்றுகூட வாட்ச்மேன் எவ்வளவு மரியாதையாகச் சொன்னான் தெரியுமா.

படிப்பு எட்டாம் வகுப்புதான் என்று உன் அப்பா இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். எட்டாம் வகுப்பை நான் மூன்று வருடம் படித்தேன் என்பதை அவரிடம் சொல். அந்தக் கணக்கில் நான் பத்து. அதற்குமேல் இருபத்திரண்டு வருடம் பிரசவ ஆஸ்பத்திரி வண்டி ஓட்டிய படிப்பு வேறு இருக்கிறது. அது எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது.

உங்கள் வீடு மூன்றாவது மாடி என்று அக்கா சொன்னாள். விசேஷம் ஏதாவது இருந்தால் முதலில் எனக்குத் தெரிவி. இல்லாவிட்டாலும் படியில் பார்த்து நட. உன் அத்தை கதைதான் உனக்கு மனப்பாடம் ஆயிற்றே. கையில் தண்ணீர் வாளி, காலில் தேய்ந்த செருப்பு, படியெல்லாம் ஈரம், அதிலே மகாராணிக்கு என்ன அவசரமோ, ஓடி வந்தாள். முப்பத்தாறு படியும் உருண்டாள். நான் பார்க்கப் பார்க்க உருண்டாள். எங்கள் வீட்டில் தொட்டில் என்ற பேச்சு அதோடு முடிந்தது. இன்றைக்கும் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறாள், நீயே பார்த்திருக்கிறாய்.

உடம்புக்கு எதுவாக இருந்தாலும் வெட்கப்படாமல் எழுது. மருந்துக்கு மருந்து, தைரியத்துக்குத் தைரியம், இரண்டும் என்னிடம் உண்டு.

உன் மாமா


1985 ஜனவரி 17, வியாழன்

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் போடாதது தப்புதான். எழுத உட்கார்ந்தால் ஒரே விஷயம்தான் வருகிறது. அதை உங்களுக்கு எப்படி எழுதுவது என்று கூசி எழுந்துவிடுவேன். ஆண்பிள்ளையிடம் சொல்கிற விஷயம் இல்லை. ஆனால் இங்கே பெண்பிள்ளை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

எனக்கு மாதாமாதம் ஒழுங்காக வராது. பதினாலு வயதிலிருந்தே அப்படித்தான். நாற்பது நாளில் வரும், அறுபது நாளில் வரும், ஒரு தடவை நாலு மாதம் வரவே இல்லை. கல்யாணமானால் சரியாகிவிடும் என்று அம்மா சொல்லிவிட்டாள். கல்யாணமான மூன்றாம் மாதம் ஐம்பத்தைந்து நாள் தள்ளிப் போனது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் மாமியாரிடம் சொன்னேன். அவர் குடும்பம் முழுவதற்கும் சொல்லி, கம்பளி நூல் வாங்கிப் பின்னவும் தொடங்கிவிட்டார். அடுத்த வாரம் பஸ்ஸில் போகும்போது வந்துவிட்டது. பாதி பின்னிய அந்தச் சட்டை இன்னும் அலமாரியில் இருக்கிறது. அன்றிலிருந்து அவர் என்னிடம் எதைக் கேட்டாலும், "நிஜமாத்தானே?" என்று இரண்டாவது முறை கேட்கிறார்.

இப்போது எழுபத்தொரு நாள் ஆகிறது. நவம்பர் கடைசியில் இவர் கப்பலிலிருந்து பத்து நாள் லீவில் வந்து போனார். அதனால் எதுவாகவும் இருக்கலாம். வழக்கம்போலத் தள்ளிப் போயிருக்கலாம். இல்லை அதுவாகவும் இருக்கலாம். காலையில் கொஞ்சம் தலை சுற்றுகிறது. நான் வேலை செய்யும் இடத்தில் எல்லோருக்கும் தலை சுற்றும். மருந்து ஊற்றும் கண்ணாடிக் குப்பிகளை எட்டு மணி நேரம் விளக்குக்கு முன்னால் உருட்டி உருட்டி, மயிரிழைக் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை.

பிப்ரவரி இருபதாம் தேதி பர்மனென்ட் ஆக்குவதற்கு முன் கம்பெனி டாக்டரின் பரிசோதனை. கர்ப்பம் என்று தெரிந்தால் காரணம் சொல்ல மாட்டார்கள். உடல் தகுதி இல்லை என்று ஒரு சீட்டு வரும். என் பக்கத்து நாற்காலிக்காரிக்கு அப்படித்தான் வந்தது. அவள் இரண்டு வருடம் உட்கார்ந்த நாற்காலி, மாமா.

வெளியே ஒரு டாக்டரிடம் போகலாம். போய், இந்தத் தடவையும் ஒன்றும் இல்லை என்றால் மறுபடியும் நான் பொய்க்காரி. இருக்கிறது என்றால் நாற்காலி போய்விடும். எது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. தெரியாமலேயே தீர்ந்துவிட்டால் தேவலை என்று இருக்கிறது.

தள்ளிப் போனதை வரவழைக்கும் மாத்திரை ஒன்று உண்டு, நான் எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்று நீங்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மாமா சொல்வதை இரண்டால் வகுத்துக்கொள் என்று அம்மா எப்போதும் சொல்வாள். முப்பத்தாறு படி என்பீர்கள். சின்ன வயதில் எண்ணிப் பார்த்தேன், பதினெட்டுதான். அப்படிப் பாதியாக்கிப் பார்த்தாலும் மாத்திரை என்று ஒன்று இருக்கும் அல்லவா? அனுப்ப முடியுமா? அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

பட்டாணி


1985 ஜனவரி 22, செவ்வாய்

அன்புள்ள பட்டாணிக்கு,

இதற்கா இத்தனை தயக்கம்? சளி பிடித்ததற்கு அழுகிற மாதிரி இருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்றே காரியத்தில் இறங்கினேன். நம் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் என்னைக் கேட்காமல் ஒரு புட்டியைத் திறக்க மாட்டார். அவரிடம் இரண்டே வார்த்தை, மாத்திரை கைக்கு வந்துவிட்டது. பத்து இருக்கிறது. பஞ்சில் சுற்றிப் பவுடர் டப்பாவில் வைத்துப் பார்சலாக அனுப்பியிருக்கிறேன். யார் பிரித்தாலும் பவுடர் என்றுதான் நினைப்பார்கள். மூளை என்பது படிப்பில் வருவதில்லை பார்.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஐந்து நாள். ஆறாம் நாள் மாமாவை நினைத்துக்கொள்வாய். இதுவரை ஆயிரம் பெண்களுக்கு வரவழைத்திருக்கிறேன். கலெக்டர் வீட்டுப் பெண்கூட அதில் உண்டு, பெயர் சொல்லக் கூடாது. தலை சுற்றுவதெல்லாம் விளக்கைப் பார்ப்பதால் வருவது. எனக்கும் எதிரே வரும் லாரி வெளிச்சத்தைப் பார்த்தால் சுற்றும், அதற்காக நான் கர்ப்பமா?

நாற்காலியைப் பற்றிக் கவலைப்படாதே. இருபதாம் தேதி கம்பெனி டாக்டர் உன்னைப் பார்த்துவிட்டு, இவ்வளவு ஆரோக்கியமான பெண்ணை நான் பார்த்ததே இல்லை என்று எழுதிக் கொடுப்பார்.

உன் அத்தையிடம் இதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. நீயும் எழுதாதே. அவளுக்கு மருந்து என்றாலே ஒரு மாதிரி.

உன் மாமா


தந்தி
1985 ஜனவரி 25

மாத்திரை சாப்பிடாதே. கடிதம் பின்னால். மாமா.


1985 ஜனவரி 28, திங்கள்

மாமாவுக்கு,

வெள்ளிக்கிழமை காலையில் பார்சல் வந்தது. மத்தியானம் தந்தி வந்தது. எதை நம்புவது?

தந்தி என்றதும் வாசலிலேயே நின்று பிரித்தேன். அப்புறம் போன தந்தி ஞாபகம் வந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் "அத்தை கவலைக்கிடம் உடனே வா" என்று கொடுத்தீர்கள். ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். அத்தை வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். உங்கள் புது வேனுக்கு முன்னால் குடும்பத்தோடு போட்டோ எடுக்க நான் வேண்டுமாம், அதற்காக அந்தத் தந்தி. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

அத்தைக்குத் தெரிந்துபோய் அவர் கோபித்துக்கொண்டாரா? அதனால் இந்தத் தந்தியா? இல்லை, கம்பவுண்டர் திருப்பிக் கேட்கிறாரா? இவ்வளவு பேசுகிற நீங்கள் காரணத்தை மட்டும் சொல்லாமல் விட்டால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது?

நேற்று ஞாயிற்றுக்கிழமை தொடங்குவதாக இருந்தேன். நீங்கள் காலை ஒன்று மாலை ஒன்று என்றால் நான் பாதியாக்கி ஒரு வேளைக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். தந்திக்காக ஒரு வாரம் பொறுக்கிறேன். சனிக்கிழமைக்குள் உங்கள் கடிதம் வராவிட்டால், வந்தும் வழக்கமான கதையாக இருந்தால், ஞாயிறு காலை தொடங்கிவிடுவேன். அன்றைக்கு விட்டால் இருபதாம் தேதிக்குள் எனக்கு வேறு லீவு நாள் ஒத்துவராது. இன்றைக்கு எண்பத்திரண்டு நாள்.

பட்டாணி


1985 ஜனவரி 30, புதன்

பட்டாணி,

எட்டுப் பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். அதில் நான் நல்லவனாக இருந்தேன்.

ஆயிரம் பெண்களுக்கு அந்த மாத்திரையைக் கொடுத்தேன் என்று எழுதினேன். ஒருத்திக்குத்தான் கொடுத்தேன். உன் அத்தைக்கு.

கல்யாணமாகி ஒரு வருடம். வண்டி வேலைக்கு அப்போதுதான் சேர்ந்திருந்தேன். அவளுக்கும் உன்னைப் போலத்தான், ஒழுங்காக வராது. மூன்று மாதம் தாண்டியது. டாக்டரம்மாவிடம் காட்டலாமா என்று கேட்டாள். எதற்கு, நானே இருக்கிறேனே என்றேன். மருந்து அறையில் எடுபிடியாக இருந்தவனிடம் வாங்கிவந்து கொடுத்தேன். அவள் என்னைக் கேள்வி கேட்கவில்லை. நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவன், எனக்குத் தெரியும் என்று நம்பினாள்.

நாலாம் நாள் வந்தது. அது மாதவிலக்கு இல்லை. என் வண்டியில் நான்தான் கொண்டுபோனேன். நாலு மாதம் என்றார் டாக்டரம்மா. ஆண் பிள்ளை. மாத்திரையால்தானா என்று அப்புறம் ஒருநாள் வேறொரு டாக்டரிடம், யாரோ ஒருவர் விஷயம் போலக் கேட்டேன். ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது, பரிசோதிக்காமல் கொடுத்ததே தப்பு என்றார். இருபத்தொரு வருடமாக அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறேன்.

அன்றைக்கு டாக்டரம்மா அவளிடம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். சொன்னால் என் வேலை போயிருக்கும். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "படியில விழுந்துட்டேன்" என்றாள்.

அவள் சொன்னது அந்த இரண்டே வார்த்தைதான். வாளி நான் சேர்த்தது. ஈரம் நான் சேர்த்தது. தேய்ந்த செருப்பு, அவசரம், உருண்டது, எல்லாம் நான் சேர்த்தது. யாராவது கேட்கும்போதெல்லாம் ஒன்று கூடியது.

வியாழக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. கண்ணாடித் தொழிற்சாலைவரை என் மருந்து போகிறது பார் என்று உன் விஷயத்தை அவளிடம் பெருமையாகச் சொன்னேன். பரிமாறிக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "இந்தப் பிள்ளையும் படியில விழுந்துச்சுன்னு சொல்லப் போறீங்களா?" என்று கேட்டாள். மறுநாள் தந்தி ஆபீஸ் திறக்கும்முன் போய் வாசலில் நின்றேன்.

டாக்டரிடம் போ. முதலில் பரிசோதனை.

மாமா

அவர் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எல்லாம் நடந்ததுதான். பாதியாக்காதே அம்மா. – அத்தை


1985 பிப்ரவரி 4, திங்கள்

மாமாவுக்கு,

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வரும்போது உங்கள் கடிதம் கதவுக்கடியில் கிடந்தது. எடுத்தால் எடையே இல்லை. உங்கள் கடிதம் எப்போதும் உறை பிதுங்க வரும். ஒரே ஒரு தாள் என்று கையில் தெரிந்ததுமே பயந்துவிட்டேன்.

மாத்திரைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பத்தும் இருக்கின்றன. எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று எழுதத் தெரியவில்லை. எனக்கு நேர இருந்ததைப் பற்றி அல்ல. அதை நான்தான் கேட்டு வாங்கினேன். கோபம் வேறு. சின்ன வயதில் நாங்கள் ஒரு விளையாட்டு விளையாடுவோம், ஞாபகம் இருக்கிறதா? அத்தை விழுந்த ஆட்டம். ஒருத்தி வாளியோடு ஓடி வர வேண்டும், வழுக்க வேண்டும், உருள வேண்டும். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, இன்னும் நாலு உருட்டு உருளு என்று சொல்லிக் கொடுப்பீர்கள். நான்தான் எப்போதும் அத்தை. நன்றாக விழுவேன் என்று பெயர் எடுத்தவள். ஒருநாள் வாளி கிடைக்கவில்லை. அத்தையே சமையலறையிலிருந்து எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். பார்த்து விழு, முழங்கால் பத்திரம் என்று சொன்னார். அது இரண்டு நாளாக என் கண்ணைவிட்டுப் போகவில்லை. விளக்குக்கு முன்னால் குப்பியைப் பிடித்தால் குப்பி தெரியவில்லை. நல்ல குப்பிகளை எடுத்து உடைசல் பெட்டியில் போட்டிருக்கிறேன், சூப்பர்வைசர் கூப்பிட்டுத் திட்டினார்.

நம் குடும்பத்தில் எந்தச் சண்டை வந்தாலும், நிதானமில்லாதவள், அதனால்தானே பிள்ளையைத் தொலைத்தாள் என்று அம்மாகூடச் சொல்லியிருக்கிறாள். அத்தை காதில் விழும்படி சொல்லியிருக்கிறாள்.

நான் இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், கம்பெனி டாக்டரிடம் இல்லை. பதினெட்டாம் தேதிக்கு நம்பர் கொடுத்திருக்கிறார்கள். என்ன வந்தாலும் தெரிந்துகொள்கிறேன்.

நீங்கள் அம்மாவிடம் போய் அத்தை விழவில்லை என்று சொல்லுங்கள். எனக்கு எழுதியது போதாது. அதுவரை எனக்குக் கடிதம் போட வேண்டாம்.

பட்டாணி


1985 பிப்ரவரி 17, ஞாயிறு

அன்புள்ள பட்டாணிக்கு,

சொல்லிவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று உன் அம்மா வீட்டுக்குப் போனேன். போகிற வழியில் நாலு தரம் வண்டியைத் திருப்பினேன். இல்லை, ஒரு தரம்தான் திருப்பினேன். நாலு என்று கை தானாக எழுதிவிடுகிறது, மன்னித்துக்கொள்.

அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம்தான் ஆயிற்று. இத்தனை வருடம் ஊதிய கதை, உண்மையைச் சொன்னால் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது. அக்கா கதறி அழுதாள் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அவள் அழவில்லை. மீதிக் காயையும் நறுக்கி முடித்தாள். கத்தியைக் கழுவி வைத்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "எங்கிட்ட வந்து சொல்றியே, நான் அவளைச் சொன்னதையெல்லாம் யார்கிட்ட போய்த் திருப்பி வாங்குறது?" என்றாள். எனக்குப் பதில் இல்லாமல் போனதை அக்கா நேற்றுத்தான் முதல்முறையாகப் பார்த்தாள்.

அவள் முன்னால் வைத்து எல்லோருக்கும் சொல், நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அடுத்த மாதம் முதல் ஞாயிறு. உன் அப்பா, என் தம்பி, அவன் மனைவி, எல்லோரும்.

மாத்திரை வந்து சேர்ந்தது. பத்து. கம்பவுண்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னைக் கேட்காமல் புட்டியைத் திறக்க மாட்டார் என்று எழுதினேன் அல்லவா? அவருக்கு என் பெயரே தெரியாது, அது மருந்து அறைப் பையனிடம் வாங்கியது. "யாருய்யா நீ, வேன் டிரைவரா?" என்றார். ஆமாம் என்றேன்.

நாளைக்கு உனக்குப் பதினெட்டாம் தேதி. நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. டாக்டர் சொல்வதைக் கேள். கூட யாரையாவது கூட்டிக்கொண்டு போ.

மாமா


1985 பிப்ரவரி 24, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

மாமியாரைக் கூட்டிக்கொண்டு போனேன். நீங்கள் யாரையாவது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதம் அப்போது வந்து சேரவில்லை, ஆனாலும் அவரைத்தான் கூப்பிட்டேன். நிஜமாத்தானே என்று அவர் இந்த முறை கேட்கவில்லை. பையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

நீளமான பெஞ்சு. என்னைவிடச் சின்னப் பெண்கள். பள்ளிக்கூட உடையில்கூட ஒருத்தி, அம்மாவோடு. எல்லோர் கையிலும் ஒரு சீட்டு, எல்லோரும் விரலால் நாள் எண்ணிக்கொண்டிருந்தோம். டாக்டரம்மா வயதானவர். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். பதினாலு வயதிலிருந்து என்றேன். "ஒன்பது வருஷமா யார்கிட்டயும் காட்டலையா?" என்றார். எங்கள் மாமா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

சிறுநீர்ப் பரிசோதனை செய்தார்கள். டாக்டரம்மா கையாலும் பார்த்தார். குழந்தை இல்லை, மாமா. முட்டை ஒழுங்காக வெளிவருவதில்லை, அதனால்தான் நாள் தள்ளுகிறது, எனக்கு மட்டும் இல்லை நிறையப் பேருக்கு அப்படி, வைத்தியம் உண்டு என்று சொன்னார். ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார். நாள் குறித்து வைக்க ஓர் அட்டை கொடுத்தார். "தள்ளிப்போறது உன் தப்பு இல்ல. ஆனா ஒவ்வொரு தடவையும் முதல்ல இங்க வா, அப்புறம்தான் மருந்து" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். நடைவழியின் கடைசிவரை போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அழுதேன். எது வேண்டும் என்று தெரியவில்லை என்று உங்களுக்கு எழுதினேன். அங்கேதான் தெரிந்தது. மாமியார் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பாதிச் சட்டையை அலமாரியிலிருந்து எடுத்தார். தூக்கிப் போடப்போகிறார் என்று நினைத்தேன். பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மடித்துத் திரும்ப வைத்தார்.

கம்பெனி பரிசோதனையில் தேறிவிட்டேன். நாற்காலி என்னுடையது.

ஒன்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அந்த மாத்திரையை நான் சாப்பிட்டிருந்தால் இந்த முறை எதுவும் இழந்திருக்க மாட்டேன். ஆறாம் நாள் உங்களை நினைத்துக்கொண்டிருப்பேன். நீங்கள் ஆயிரத்தொன்று என்று எண்ணியிருப்பீர்கள். அம்மா அத்தையைச் சொல்லிக்கொண்டே இருந்திருப்பாள். அத்தை யார் கேட்டாலும் வாளியை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்திருப்பார்.

அத்தைக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். ஒட்டியிருக்கிறது. பிரிக்காமல் கொடுங்கள்.

பட்டாணி


1985 மார்ச் 4, திங்கள்

அன்புள்ள பட்டாணிக்கு,

உன் கடிதத்தைப் பிரிக்காமல் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஒன்றும் தெரியவில்லை. அவள் அதைச் சமையலறையில் நின்றுகொண்டு படித்தாள். எங்கே வைத்தாளோ, எனக்குக் காட்டவில்லை.

குழந்தை இல்லை என்று படித்ததும் எனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. முன்பென்றால் ஆறுதலுக்கு மூன்று பக்கம் வந்திருக்கும். அட்டையில் நாள் குறித்து வை.

நேற்று எல்லோரும் வந்தார்கள். ஏழு பேர். நான் எழுந்து நின்று சொன்னேன். பாதியில் என் தம்பி, "அண்ணே, விளையாடாதே" என்று சிரித்தான். நான் சொன்னால் சிரிக்க வேண்டும் என்று நான்தானே பழக்கியிருக்கிறேன். உன் அத்தை அப்போது வாயைத் திறந்தாள். "அவரு சொல்றது நிஜம். நான் விழல" என்றாள். அதற்குமேல் சிரிப்பு இல்லை. உன் அம்மா எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உன் அத்தை அவளை மன்னித்தாளா, என்னை மன்னித்தாளா, எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதமாட்டேன்.

வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரட்டைப் பிள்ளை பிறந்தது நிஜம். பாலத்தில் அல்ல, ஆஸ்பத்திரியில். அந்தப் புது நர்ஸ்தான் பார்த்தாள். நான் வெளியே வண்டி கழுவிக்கொண்டிருந்தேன். டாக்டர் என்று கூப்பிடாதே என்று வாட்ச்மேனிடம் சொன்னேன். ஏன், கோபமா டாக்டர் என்றான்.

உன் அம்மா கிளம்பும்போது வழியனுப்ப உன் அத்தை கூடவே வந்தாள். நான் பின்னால் வந்தேன். படி முனையில் வழக்கம்போல அவளுக்கு வழி விட்டு நின்றேன். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குவாள், நேரம் ஆகும் என்று. இருபத்தொரு வருடமாக அப்படித்தான் இறங்கினாள். பயத்தினால் என்று நானே நினைத்துவிட்டேன் பட்டாணி. விழாதவளுக்கு என்ன பயம்? நான் சொன்ன கதை பொய்யாகிவிடக் கூடாது என்று பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறாள்.

நேற்று அவள் கைப்பிடியைத் தொடவில்லை. ஒரு கையில் உன் அம்மாவின் பை. மற்றக் கையைச் சும்மா வீசிக்கொண்டு, பேசிக்கொண்டே, கடகடவென்று இறங்கிப் போனாள். நான் மேலே நின்றபடி எண்ணினேன். பதினெட்டுப் படி. இதை நீ வகுக்க வேண்டாம், நான் வகுத்துவிட்டேன்.

மாமா